வார்னிஷ் அடித்த வயலின்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். நாற்காலிக்கும் மேசைக்கும் அடிக்கிற வார்னிஷை ஒரு வயலினுக்கு மூன்று கை அடித்து, வெயிலில் காயவைத்து, கடல் கடந்து எடுத்துக்கொண்டு போனவன் நான். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குலுக்கிப் பார்த்தபோது வயலினுக்குள்ளே ஏதோ உருண்டது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குச்சி. பூச்சி கொண்டுவந்து போட்ட குப்பை என்று நினைத்து, கம்பியை வளைத்து உள்ளே விட்டு, அரை மணி நேரம் மல்லுக்கட்டி, குச்சியை வெளியே எடுத்து எறிந்தேன். எறிந்த கையோடு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, தெருமுனைக் கடையில் ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன்.

இருபது வருஷம் மேடையில் வாத்தியம் வாசித்தவன் நான். நான் வாசித்தது பாங்கோஸ், கையால் தட்டுகிற இரட்டைக் கொட்டு. பாங்கோஸுக்குள்ளே குச்சி கிடையாது. என் தரப்பில் சொல்வதற்கு இருப்பது அவ்வளவுதான்.

வயலின் கஸ்தூரியுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களிடம் அவள் பெயரைச் சொன்னால் போதும், ஒரு பாட்டாவது பாடிக் காட்டுவார்கள். பெட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்கள். பாப் இசை என்றால் கிட்டாரும் தலைமுடியும் என்றிருந்த காலத்தில், வயலினோடு வந்து உட்கார்ந்த பெண் அவள்.

அவள் ஊர் திருத்தணிக்கு மேற்கே உள்ள ஆர்.கே.பேட்டை. நெசவுக் குடும்பம். அந்தப் பக்கத்திலிருந்து பினாங்குக்குக் கைலி வரும். கைலிக் கடையில் வேலை பார்த்த ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது வயதில் கஸ்தூரியும் வந்தாள். கைலிக்கு இருந்த மதிப்பு புகுந்த வீட்டில் அவளுக்கு இல்லை. இரண்டாம் வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவள் ஒரு தையல் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அவளைப் பார்த்தது ஒரு தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை அடிவாரத்தில். ஓரமாகத் தரையில் உட்கார்ந்து வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள். மலை ஏற வேண்டிய காவடிகள் ஏறாமல் அவளைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த காவடிகளுக்கு வழியில்லை. போக்குவரத்தைச் சரிசெய்ய வந்த சீனப் போலீஸ்காரர், விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றார். அன்றைக்கே அவளை எங்கள் குழுவுக்கு இழுத்துவிட்டேன். குழுவில் அப்போது இரண்டு கிட்டார், ஓர் அக்கார்டியன், பாங்கோஸோடு நான். பாடத்தான் ஆளில்லை. அதுவரை பாடிக்கொண்டிருந்தவன் நான் என்பதால் அப்படிச் சொல்கிறேன்.

நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிக்க அவளுக்கு வராது. நம் ஊர் முறைப்படி சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றித்தான் வாசிப்பாள். ஹோட்டல் மேடையில் தரையில் உட்கார்ந்தால் பின்வரிசைக்குத் தெரியாது. ஆகவே இரண்டு பியர்ப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சிவப்பு வெல்வெட் போர்த்தி, அதன்மேல் உட்காரவைத்தோம். பெல்பாட்டம் போட்டுக்கொண்டு சம்மணம் போட்ட ஒரே பாப் பாடகி உலகத்தில் அவளாகத்தான் இருக்கும். தாடை சும்மா இருந்ததால் வாசித்துக்கொண்டே பாடவும் முடிந்தது. வெள்ளைக்காரப் பெண்கள்கூட வந்து பார்த்துவிட்டு, அதெப்படி என்று அவள் கணுக்காலைக் காட்டிக் கேட்பார்கள்.

பாட்டையும் அவளே எழுதினாள். கைலிக் கட்டில் வரும் அட்டைகளின் பின்புறம் பென்சிலால் எழுதுவாள். ஃபெர்ரியைத் தவறவிட்ட புருஷனைப் பற்றி ஒரு பாட்டு, மாமியார் ஒளித்துவைத்த டுரியான் பழம் தன் வாசனையாலேயே அவளைக் காட்டிக்கொடுத்ததைப் பற்றி ஒரு பாட்டு. ஈப்போவில் பாடினாள், கோலாலம்பூரில் பாடினாள், சிங்கப்பூரில் பாடி முடித்ததும் கூட்டம் பியர்ப் பெட்டியோடு அவளைத் தூக்கியது. தூக்கியவர்கள் காலில் என் பாங்கோஸ் மிதிபட்டது. ஒன்றுக்குத் தோல் போயிற்று.

பிறகு ஓர் இசைத்தட்டு. அதில் முதல் பாட்டு, ‘படிக்குப் படி பூ வெச்சேன், பாக்க வரலியே நீ’. ஊரெல்லாம் அதுதான். தட்டு அச்சாகி வந்த வாரமே ஊரிலிருந்து தந்தி வந்தது, அவளுடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, உடம்பு முடியவில்லை என்று.

“ஒரே மாசம் அண்ணா. வந்துடுவேன். இத்த மட்டும் பத்திரமா வெச்சிரு” என்று துறைமுகத்தில் வயலினை என்னிடம் கொடுத்தாள். நான் இசைத்தட்டை உறையோடு அவளிடம் கொடுத்தேன். லேபிளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். கஸ்தூரிக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. புடவை மடிப்புக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள்.

அந்த ஒரு மாசம் ஐந்து வருஷம் ஆயிற்று. நைனா இறந்துவிட்டார், இப்போது வரவில்லை என்று ஒரு கடிதம். வயலினை அனுப்பிவை என்று இன்னொரு கடிதம். நான் அனுப்பவில்லை. வயலின் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறவரை அவள் திரும்பி வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு மற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். நான் பாசம் என்று வைத்திருந்தேன்.

அவள் இல்லாமல் குழு படுத்துவிட்டது. ஜனங்கள் வந்து பியர்ப் பெட்டியைப் பார்ப்பார்கள், அதன்மேல் யாரும் இல்லை, எழுந்து போவார்கள். ஒரு நாள் நானே ஏறி உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். அதற்கு முன் எழுந்து போனவர்கள் அன்றைக்கு ஓடினார்கள். கடைசியில் ஒரு ஹோட்டல்காரர், கஸ்தூரி வந்தால் மறுபடி மேடை தருகிறேன் என்றார். அதனால்தான் வார்னிஷ், அதனால்தான் பயணம்.

முதல் நாளே ரயிலில் தூங்கிப்போனேன். கண்ணைத் திறந்தபோது ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றிருந்தது. திருத்தணிதானா என்று பார்க்க வயலின் பெட்டியோடு இறங்கினேன். பலகையில் ‘வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை’ என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து ‘பேட்டை’க்கு வந்துசேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது.

பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், எங்கே போகணும் என்று தெலுங்கில் கேட்டார். திருத்தணி என்றேன். “அது அப்பவே போச்சே. இது ஆந்திரா” என்றார். பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, “மொட்டை போடப் போறீங்களா, அடிக்கப் போறீங்களா?” என்றார். அதன் அர்த்தம் எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

அடுத்த நாள் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். திருத்தணி முழுக்க மஞ்சள் துணி. எங்கள் தைப்பூசத்தில் கூட்டம் உண்டு, ஆனால் அங்கே கூட்டத்துக்கு நடுவே ரோடு தெரியும். இங்கே ரோடு இருப்பதாக ஐதீகம். பசியாற ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். இட்லி பூ மாதிரி இருந்தது. வேர்க்கடலைச் சட்னியின் காரம் எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்து நேராக வந்திருந்தது. கண்ணீர் விட்டுக்கொண்டே நான்கு இட்லி சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், “இன்னாபா, எதுனா பெரிய வேண்டுதலா?” என்று பரிவோடு கேட்டாள்.

வெளியே வந்து மொட்டையடிக்கும் மண்டபத்தின் ஓரம் நிழலுக்கு நின்றேன். கறுப்புப் பெட்டியைக் காலடியில் வைத்தேன். ஒரு பெரியவர் வந்து என் முன்னால் உட்கார்ந்து, தலையை நனைத்துக்கொண்டு குனிந்தார். அவர் பின்னால் அவர் குடும்பத்தில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். “சீக்கிரம் ஆவட்டும், பஸ்ஸு போய்டும்” என்றார் பெரியவர். நான் பெட்டியைத் திறந்து வயலினைக் காட்டினேன். பளபளவென்று இருந்த அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டு, “கண்ணாடி நல்லா கீது. கத்தி எங்க?” என்றார். இருபது வருஷத்தில் என் வாத்தியத் திறமையை யாரும் இவ்வளவு நம்பிக் கழுத்தை நீட்டியதில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டை. ஜன்னல் சீட்டில் வயலின் உட்கார்ந்தது, நான் நின்றேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்துவிட்டு, எனக்கு மட்டும் இடமில்லை என்றார்.

கஸ்தூரி ஒரு விசைத்தறிக் கொட்டகையில் இருந்தாள். ஆறு தறி ஓடுகிற சத்தத்தில் நான் மூன்று முறை கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. தறியில் ஓர் இழை அறுந்தது. அதை முடிச்சுப் போட நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

“வாங்க” என்றாள்.

பினாங்கில் என்னை அவள் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவாள். ‘அண்ணா, சோறு துன்னியா’ என்று அதட்டுவாள். இந்த ‘வாங்க’ என்னை எட்டடி தள்ளி நிறுத்தியது.

கொட்டகைக்கு வெளியே வேப்பமர நிழலில் பெட்டியைத் திறந்தேன். வெயில் வயலினில் பட்டு என் கண்ணையே கூசச் செய்தது. கஸ்தூரி அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஓரத்தில் சுரண்டினாள். காதருகே வைத்து ஆட்டினாள்.

“உள்ள ஒரு குச்சி இருந்திச்சிங்களே?”

“குப்பைன்னு எடுத்துப் போட்டுட்டேன்.”

ஒரு தந்தியைச் சுண்டினாள். சொம்பைச் சாக்கில் போட்டுத் தட்டினதுபோல் ஒரு சத்தம் வந்தது.

“மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல நிக்கிற குச்சிங்க அது. நாதம் அது வழியாத்தான் எறங்கும். அது இல்லன்னா இது பொட்டி.”

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். ஹோட்டல் மேடையைச் சொன்னேன், பியர்ப் பெட்டிகளுக்குப் புது வெல்வெட் வாங்கியிருப்பதைச் சொன்னேன், பினாங்கே காத்திருக்கிறது என்றேன். பினாங்கில் காத்திருந்தது நானும் அந்த ஹோட்டல்காரரும்தான். “தறி ஓடுதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் வயலினைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

கொட்டகை அவளுடைய அக்காள் புருஷனுடையது. எத்திராஜ் என்று பெயர். அவள் பாவா என்று கூப்பிடுவாள். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “பினாங்குல நெதம் மழையாமே? எங்க ஊரு மழையையும் நீங்கதான் புடிச்சி வெச்சிகினு கீறீங்களா?” என்றார். திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, கஸ்தூரி ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டேன்.

“அவ நைனா இங்க பஜனைக் கோஷ்டில ஃபிடிலு சார். ஆடிக் கிருத்திகைக்குக் கோஷ்டி மலை ஏறும், படிக்குப் படி நின்னு பாடிகினே. பத்து வயசுலேந்து இவளும் அவரு கூடவே ஏறி வாசிச்சவ. நைனா போனப்பறம் அந்த எடத்துல நான் வாசிக்கிறேன்னு போய் நின்னா. அவங்க உடல.”

“பொண்ணுங்கறதாலயா?”

“சேச்சே. பத்து வயசுலேந்து வாசிச்சவளாச்சே. அது இன்னாமோ ரெகார்டு தகராறு. நீங்க ரெகார்டு போட்ட ஆளு, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

“முனிரத்தினம்னு, அவருதான் கோஷ்டிக்கு எல்லாம். நான் வாயத் தொறந்தா சொந்தத்துல வம்பு. பேசறதில்ல. ஆனா பாவம் சார் அவ. வருசா வருசம் கிருத்திகை வந்தா மூணு நாளு சோறு எறங்காது. நாளைக்கு ஊரே மலைக்குப் போவும். இவ மட்டும் தறிய ஓட்டிகினு இருப்பா. கடல் தாண்டிப் போய் பாடுனதெல்லாம் அவளுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் படியில உக்காந்து வாசிக்கணும், அவ்ளோதான்.”

சரி, முனிரத்தினத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசினால் முடிகிற காரியம், அவள் மனசு குளிர்ந்தால் கப்பலும் ஏறுவாள் என்று நான் திட்டம் போட்டேன். என் திட்டங்களின் லட்சணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் மலை ஏறினேன். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்றார்கள். ஜனவரியைச் சுலபமாகக் கடந்தேன். பிப்ரவரியில் மூச்சு வாங்கியது, இருபத்தெட்டு நாள் என்பதால் பிழைத்தேன். ஏப்ரலில் ஒரு கைக்குழந்தைக்காரி என்னைத் தாண்டிப் போனாள். மே மாதத்தில் சஃபாரி சூட்டின் பொத்தான்களை எல்லாம் கழற்றிவிட்டேன். ஜூன் கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அது கேட்டது. கீழேயிருந்து ஒரு கோஷ்டி ஏறி வந்துகொண்டிருந்தது. மிருதங்கம், ஜால்ரா, தோளில் துண்டால் கட்டிய ஒரு வயலின். பாட்டு, ‘படிக்குப் படி சூடம் வெச்சேன், பாக்க வரணும் முருகா’. மெட்டு எங்கள் இசைத்தட்டின் முதல் பாட்டு. ஓர் இழை பிசகவில்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் இசைத்தட்டு கடல் தாண்டி வந்து, ஜனங்கள் சொல்லை மாற்றிச் சாமிக்கே பாடுகிறார்களே! களைப்பெல்லாம் போய், ஆறு படி கீழே ஓடி, கோஷ்டிக்கு நடுவில் புகுந்து, “என் பாட்டு! இது என் பாட்டு!” என்று கத்தினேன்.

ஜால்ரா நின்றது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு மனிதர், “இன்னா சார்? உங்க பேரு இன்னா?” என்றார்.

“பத்மநாபன். பாங்கோஸ் பத்மநாபன். பினாங்கு.”

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “டேய், அந்த ஆளு இவருதாண்டா.”

முன்பின் தெரியாத ஊரில், மலையில் பாதி வழியில், என் பெயர் தெரிந்திருக்கிறது! மார்பு விம்ம, குலுக்குவதற்குக் கையை நீட்டினேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. யாரும் பிடிக்கவில்லை.

“நான் முனிரத்தினம்” என்றார் அவர். “இது எங்க நைனா கட்டுன பாட்டு. எனக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே இந்தப் படியில பாடுனது. அந்தப் பொண்ணு ரெகார்டு எடுத்துகினு வந்திச்சி. மைக்செட்டுல போட்டோம், ஊரே கேட்டுச்சி. சந்தோசமாத்தான் இருந்துச்சி. அப்பால வாத்தியார் ஒருத்தரு எடுத்து லேபிளப் படிச்சாரு. பாட்டும் மெட்டும் பாங்கோஸ் பத்மநாபன். செத்துப்போன மனுசன் பாட்டு சார். கடல் தாண்டிப் போய் உங்களுக்கு வித்துட்டு, அதே கையோட எங்க கோஷ்டில வாசிக்கணும்னு வந்து நிக்கிறா. உடுவமா?”

லேபிள். நான் அதைச் சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

இசைத்தட்டு எடுத்த அன்று கஸ்தூரி என்னிடம் இரண்டு முறை சொன்னாள். அண்ணா, இந்த மெட்டு என்னுது இல்ல, எங்க ஊரு கோஷ்டிப் பாட்டு, முனிரத்தினத்தோட நைனா கட்டுனது, கோஷ்டி பேரையும் அவரு பேரையும் போடு என்று. ஆகட்டும் என்றேன். அச்சகத்தில் லேபிளைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை வேறு. கோஷ்டியின் பெயர் நீளம். என் பெயரும் நீளம். ஒன்றுதான் கொள்ளும் என்றான் அச்சுக்காரன். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டைக்கே ரயில்வேக்காரன் பலகை செய்து நட்டிருக்கிறான். எனக்குத்தான் பாட்டைக் கட்டின நெசவாளியின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. பஜனைக் கோஷ்டி பெயர் போட்டால் பாப் தட்டு விற்குமா என்று ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். “அவங்க சொன்னாங்க. உங்க நைனா பேரைப் போடச் சொன்னாங்க. நான்தான் மாத்தி என் பேரைப் போட்டேன். அவங்க விக்கல. அவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஜூன் கடைசியிலிருந்து உருண்டால் ஜனவரிக்கு எத்தனை நேரம் ஆகும் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

“அவ சொன்னாளா?” என்றார் முனிரத்தினம்.

“சொன்னாங்க.”

“முருகன் படியில நின்னு சொல்றீங்க.”

“ஆமாங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சஃபாரி சூட்டு, கைக்கடிகாரம், வேர்வை. பக்கத்தில் இருந்தவரிடம், “ஆம்பள, படியில நின்னு ஒத்துகினாரு. அப்பறம் இன்னா?” என்றார். என் பக்கம் திரும்பி, “செரி உடுங்க சார். அடுத்த ஆடிக்கு அந்தப் பொண்ண வந்து வாசிக்கச் சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான். ஐந்து வருஷத் தகராறு, இரண்டு படி ஏறுகிற நேரத்தில் தீர்ந்தது. அதோடு விட்டார்களா? ஒருவர் தன் மஞ்சள் துண்டை என் தோளில் போட்டார். இன்னொருவர் நெற்றியில் சந்தனம் அப்பினார். பினாங்கு சார் வழி விடுங்க, பினாங்கு சார் வழி விடுங்க என்று கூட்டத்தை விலக்கி, டிசம்பர் முப்பத்தொன்று வரை என்னை முன்னால் நடக்கவைத்துக் கூட்டிப்போனார்கள். பாட்டைத் திருடினவன் முன்னால். பின்னால் கோஷ்டி, திருடுபோன பாட்டைப் பாடிக்கொண்டு. மேலே போனதும் பிரசாதத்தில் எனக்கு மட்டும் இரட்டைப் பங்கு. நான் அதையும் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை. துண்டைத் தோளிலிருந்து எடுக்கவேயில்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டவனுக்கு அதைச் சொல்லும்வரை இருப்புக்கொள்ளாது. சொல்ல வேண்டியது கெட்ட காரியமாக இருந்தால் ஐந்து வருஷம்கூடப் பொறுமையாக இருப்பான். என்னையே உதாரணமாகக் கொள்ளலாம்.

கொட்டகையில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கஸ்தூரி அவள் தறியில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், ஓர் ஆணியில் வயலின் தொங்கியது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. பளபளப்பு போயிருந்தது. கண்ணாடிச் சில்லால் வார்னிஷை முழுக்கச் சுரண்டியிருந்தாள். தரையில் சுருள் சுருளாகப் பொடி. கிட்டே போய் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். தறியில் நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றை அளவாக அறுத்து, இரண்டு பலகைக்கும் நடுவில் நிறுத்தியிருந்தாள். நேற்று ஊரெல்லாம் மலைக்குப் போயிருந்தபோது செய்திருக்கிறாள். தந்திகளை முறுக்கிச் சுருதியும் கூட்டியிருந்தாள் என்பது, என் விரல் தவறிப்போய் ஒன்றில் பட்டபோது தெரிந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது.

“கஸ்தூரி! முடிஞ்சுபோச்சு!” என்று கத்தினேன். தறிச் சத்தத்தை மீற வேண்டுமே. படியில் நடந்த அத்தனையையும் கத்திச் சொன்னேன். லேபிளை நான் மாற்றியதை ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். முனிரத்தினம் கேட்டதும் நான் சொன்னதும், அடுத்த ஆடிக்கு அவளை வாசிக்க வரச் சொன்னதும். துண்டைத் தூக்கிக் காட்டினேன். சந்தனத்தையும் காட்டியிருப்பேன், வேர்வையில் கரைந்துவிட்டிருந்தது.

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆடிக்கு வரச் சொன்னார் என்றபோது அவள் கை தறியின் விளிம்பில் அப்படியே நின்றது. கண்கள் ஒரு முறை சுவருக்குப் போய் வந்தன. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஓர் இழை அறுந்தது. குனிந்து அதன் நுனியைத் தேடினாள்.

எனக்கோ பொறுக்கவில்லை. பாராட்டு வராவிட்டால் நான் அதட்ட ஆரம்பித்துவிடுவேன், அது என் பழக்கம்.

“ஒரே ஒரு வார்த்தை கஸ்தூரி! நான் சொன்னேன், முடிஞ்சுது! இதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாலேயே நீயே போய் அவர்கிட்ட சொல்லியிருந்தா என்ன? ஏன் சொல்லாம இருந்தே, பைத்தியக்காரி?”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. என் கடைசி வார்த்தை மட்டும் கொட்டகையில் நின்றது. கஸ்தூரி இழையின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். நிமிரவில்லை.

“லேபிளப் படிச்ச அன்னிக்கே அவருகிட்ட சொன்னேங்க.”